குடித்தொகை இயக்கவியல்: சொல்லும் பொருளும்

ஓர் உயிரினம் ஒரு நிலப்பரப்பில் எத்தனை வாழ்கிறது என்பதை மட்டுமல்லாமல், அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதையும் அளந்து ஆராயும் துறையை ஆங்கிலத்தில் ‘பாப்புலேஷன் டைனமிக்ஸ்’ என்பர். நம் நாளிதழ்களும் சில பாடநூல்களும் இதனை ‘உயிரின எண்ணிக்கை’ என்று சுருக்கிவிடுவதால், சொல்லின் பாதிப் பொருள், அதிலும் இன்றியமையாத பாதி, காணாமல் போகிறது. எண்ணிக்கை ஒரு நாளின் நிலையைச் சொல்லும். இத்துறை அந்த நிலையை உண்டாக்கிய காரணங்களைத் தேடும்.

முதற்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் மக்களைக் குறிக்கும் ‘போப்புலுஸ்’ என்பதாகும். மனிதருக்கே உரியதாய் இருந்த சொல், பின்னர் விலங்கு, பறவை, மீன், செடி என எல்லா உயிர்களுக்கும் விரிந்தது. இரண்டாம் சொல்லின் வேர் ஆற்றலைக் குறிக்கும் ‘துனாமிஸ்’ என்னும் கிரேக்கச் சொல். விசையால் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராயும் இயற்பியல் பிரிவுக்குப் பெயராக அமைந்த இச்சொல், உயிரியலுக்குள் வந்தபோதும் அந்தப் பொருளைக் கைவிடவில்லை: எண்ணிக்கையை மேலே தள்ளும் விசை எது, கீழே இழுக்கும் விசை எது என்பதே இங்கும் கேள்வி.

விசைகள் நான்கு. இவ்வாண்டுத் தொகையோடு பிறப்பையும் உள்வரவையும் கூட்டி, இறப்பையும் வெளியேற்றத்தையும் கழித்தால் அடுத்த ஆண்டுத் தொகை கிடைக்கும். கணக்கு எளியது, அந்த நான்கு எண்களையும் பெறுவதுதான் கடினம். வாத்துகளைப் பொறுத்தவரை அதற்கான உழைப்பு மிக விரிவாக நடந்துவரும் இடங்களுள் ஒன்று வட அமெரிக்கா. அங்கே வாத்துகளை வேட்டையாடுவது சட்டம் அனுமதித்த வழக்கம். 1918இல் இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்கீழ், எத்தனை நாள் வேட்டையாடலாம், ஒருவர் ஒரு நாளில் எத்தனை பறவைகளைச் சுடலாம் என்பதை ஆண்டுதோறும் அமெரிக்க நடுவணரசு வரையறுக்கிறது. ஆகவே ஆய்வாளரின் மதிப்பீடு நேராகச் சட்ட விதியாக மாறுகிறது.

1955 முதல் ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க, கனேடியக் காட்டுயிர்த் துறைகள் சிறு விமானங்களைத் தாழப் பறக்கவிட்டு, வகுத்த கோடுகளின் வழியே வாத்துகளையும் நீர் நிறைந்த குட்டைகளையும் எண்ணுகின்றன. மேலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பும் பறவைகள் பல என்பதால், அதே கோடுகளின் சில பகுதிகளைத் தரைக் குழுவினர் தனியே எண்ணி, விகிதத்தைத் திருத்தித் தருகின்றனர். பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் மட்டும் இந்தக் கணக்கெடுப்பு நின்றது. வாத்தோடு குட்டையையும் எண்ணுவதற்குக் காரணம் உண்டு: பனியாறுகள் விட்டுச்சென்ற பள்ளங்கள் நிறைந்த வடக்குப் புல்வெளிகளில் எந்த ஆண்டு நீர் தங்குகிறதோ அந்த ஆண்டுதான் வாத்துகள் அங்கே தங்கிக் கூடு கட்டுகின்றன, வறண்ட ஆண்டில் அவற்றுள் பல மேலும் வடக்கே பறந்துவிடுகின்றன.

பிறப்பை அளக்கும் பணி இதைவிட நுட்பமானது. மல்லார்ட் என்னும் வாத்தின் ஆணுக்குப் பச்சைத் தலை; பழுப்பு நிறப் பேடை புல்லுக்குள் தரையிலேயே கூடு வைக்கும். ஆய்வாளர்கள் இரண்டு வண்டிகளுக்கு இடையே நீண்ட சங்கிலியைக் கட்டிப் புல்லின்மேல் இழுத்துச் செல்வர். அடைகாக்கும் பேடை எழுந்து பறக்கும் இடத்தில் கூடு இருக்கும். முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே கரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, கூட்டின் வயதைக் குறித்துக்கொண்டு, அருகில் ஓர் அடையாளக் குச்சியை நட்டுவிட்டு வருவர். சில நாள் கழித்துத் திரும்பும்போது முட்டைகள் இருக்கலாம். நரியோ, ஸ்கங்க் என்னும் நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கோ தின்றுவிட்டுப் போன ஓடுகள் மட்டும் கிடக்கலாம்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் எழுகிறது. ஆய்வாளர் கண்ணில் படுமுன்பே அழிந்த கூடுகள் கணக்கில் வருவதில்லை. ஆகவே கண்ட கூடுகளுள் பொரித்தவை எத்தனை என்று நேராக விகிதம் பார்த்தால் வெற்றி மிகையாகத் தோன்றும். ஹெரால்டு மேஃபீல்டு என்பவர் 1961இல் இதற்கு வழி காட்டினார்: கூடு ஒரு நாள் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் கண்டறிந்து, தேவையான நாள்களுக்கு அதனையே தொடர்ந்து பெருக்க வேண்டும். மல்லார்டுக்கு முட்டையிடத் தொடங்கியதிலிருந்து பொரிப்பு வரை ஏறத்தாழ 35 நாள் ஆகிறது எனக் கொள்வோம். ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு 96 விழுக்காடு என்றால், நூறு கூடுகளில் 24 பொரிக்கும். 95 என்றால் 17. 94 என்றால் 11. அமெரிக்க மாநிலமான வட டக்கோட்டாவின் வேளாண் நிலங்களில் நடந்த ஆய்வு, தொகை குறையாமல் நிலைக்க ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுகளாவது பொரிக்க வேண்டும் என்று கண்டது. அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு விழுக்காட்டு வேறுபாடே வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் நடுவில் நிற்கிறது. ‘இயக்கவியல்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அறியேன்.

இறப்பை அளக்கக் கால்வளையம் உதவுகிறது. எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிட்ட பறவைகளுள் எத்தனை, வேட்டையில் விழுந்து அறிவிக்கப்படுகின்றன என்பதைக் கொண்டு மொத்தத் தொகையையே மதிப்பிடலாம் என்று 1930இல் ஃபிரடெரிக் லிங்கன் காட்டினார். வளையமிட்டவற்றில் 12 விழுக்காடு ஒரு பருவத்தில் சுடப்பட்டு, அந்தப் பருவத்தில் சுடப்பட்ட வாத்துகள் மொத்தம் 50 லட்சம் என்றால், இருந்தவை சுமார் 4 கோடியே 17 லட்சம். வளையங்கள் கிடைத்த இடங்களைத் தொகுத்துப் பார்த்தே கண்டத்தின் நான்கு வலசைப் பாதைகளையும் அவர் வரைந்தார்; வேட்டை விதிகள் இன்றும் அந்தப் பாதைகளின்படியே வகுக்கப்படுகின்றன.

வேட்டையில் விழும் பறவை, சுடப்படாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? குளிரிலோ நோயிலோ எப்படியும் இறந்திருக்கும் பறவைதான் சுடப்பட்டது என்றால், அதனை ஈடுசெய் இறப்பு எனலாம். பிழைத்திருக்கக்கூடிய பறவை சுடப்பட்டது என்றால் அது கூடுதல் இறப்பு. டேவிட் ஆண்டர்சனும் கென்னத் பர்னமும் 1976இல் மல்லார்டு வளையத் தரவுகளை ஆராய்ந்து, ஓர் எல்லைவரை ஈடுசெய்தல் நிகழ்வதாக எழுதினர். பின்வந்தோர் பலர் அதனை முழுமையாக ஏற்கவில்லை. விடை உறுதியாகும் வரை விதி எழுதாமல் காத்திருக்க அரசால் இயலாது. ஆகவே 1995 முதல் வேறொரு முறை கையாளப்படுகிறது. ஈடுசெய்தல், கூடுதல் என இறப்பு பற்றிய இரு கருத்துகளையும், நெரிசல் இனப்பெருக்கத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது பற்றிய இரு கருத்துகளையும் இணைத்து நான்கு கணித மாதிரிகள் அமைத்தனர். தொடக்கத்தில் நான்குக்கும் சம மதிப்பு. ஒவ்வொரு மாதிரியும் அடுத்த மே மாதத் தொகையை முன்கூட்டிச் சொல்லும். கணக்கெடுப்பு வந்தபின், சரியாகச் சொன்னதற்கு மதிப்பு கூடும், பிழையாகச் சொன்னதற்குக் குறையும். அந்த மதிப்புகளைக் கொண்டே வேட்டை விதி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அறியாமையை ஒளிக்காமல் கணக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இம்முறை மிகவும் மதிக்கத்தக்கது என்பது என் துணிபு. இதனைத் தமிழில் தகவமை வேட்டை மேலாண்மை எனலாம்.

தொகை பெருகுவது எப்போதும் நற்செய்தி அன்று என்பதற்குப் பனி வாத்து (‘ஸ்னோ கூஸ்’) என்னும் பெருவாத்து சான்று. குளிர்காலத்தில் தெற்கு வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லும் சோளமும் இவ்வினத்தின் முதிர்ந்த பறவைகளை வாழவைத்தன. பெருகிய கூட்டம் கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையின் சதுப்புப் புல்லை வேரோடு தோண்டித் தின்று, நிலத்தை உவர்ச் சேறாக்கியது. 1999இல் வேட்டைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சிறப்பாணை பிறந்தது.

இனித் தமிழ்ச் சொல். நம்மிடையே மூன்று வழக்குகள் உள்ளன. ‘இனக்கூட்டம்’ என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்குகிறது. ஆனால் கூட்டம் என்றதும் ஓர் ஏரியில் ஒன்றாய் இறங்கும் பறவைத் திரளே நினைவுக்கு வரும். ஆய்வாளர் சொல்லும் மல்லார்டுத் தொகையோ ஆயிரக்கணக்கான குட்டைகளில் இணை இணையாகச் சிதறி இருப்பது. ‘இனத்தொகை’ என்றால் அந்த இனம் முழுவதும் என்று பொருள்படும். மல்லார்டு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழ்கிறது, வட அமெரிக்காவிலேயே கிழக்கு, நடு, மேற்கு எனத் தனித்தனித் தொகைகளாகத்தான் அது மேலாளப்படுகிறது. மூன்றாவது, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நெடுநாளாய் நிலைத்துள்ள ‘குடித்தொகை’. ஓரிடத்தில் தங்கி வாழ்வோர் என்ற கருத்தைக் குடி என்னும் சொல் இயல்பாகவே தாங்குகிறது. மூலமான இலத்தீன் சொல்லைப் போலவே மனிதரிடமிருந்து பிற உயிர்களுக்கு விரிய அதற்குத் தடையில்லை. மேலும், உள்வரவைக் குடிவரவு என்றும் வெளியேற்றத்தைக் குடியகல்வு என்றும் அதே வேரிலிருந்து பெறலாம். இவையும் இலங்கையில் அரசுத் துறையின் பெயரிலேயே பழகிய சொற்கள். கடலின் எந்தப் பக்கத்தில் பிறந்தது என்று பாராமல் குடித்தொகையை எல்லோரும் ஏற்பது நல்லது.

‘டைனமிக்ஸ்’ என்பதற்கு இயங்கியல் என்று சுருக்குவதைத் தவிர்க்க வேண்டும். அச்சொல் மார்க்சிய மெய்யியலில் வேறொரு கருத்துக்கு வேரூன்றிவிட்டது. இயக்கவியல் என்பதே பொருந்தும். வாத்தையும் அதன் உறவுப் பறவைகளையும் சேர்த்துக் குறிக்கும் ‘வாட்டர்ஃபவுல்’ என்பதை நீர்க்கோழி என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் பிழை, ஏனெனில் அப்பெயர் நம் குளங்களில் திரியும் வேறு பறவைகளுக்கு உரியது. நீர்ப்பறவை என்றால் கொக்கும் நாரையும் உள்ளே வந்துவிடும். வாத்து, பெருவாத்து, அன்னம் மூன்றையும் மட்டும் குறிக்க ‘வாத்தினம்’ போதும். ஆகவே இப்பறவைகளை ஆராயும் பிரிவின் முழுப்பெயரை வாத்தினக் குடித்தொகை இயக்கவியல் என்றும், அதன்வழி நடக்கும் பணியை வாத்தின மேலாண்மை என்றும் எழுதலாம்.