ரெண்டு ஆம்ப் சேர்த்துப் போட்டா சத்தம் ஏன் மெலிஞ்சு போகுது?

ஒரு வாசகர் கேட்டிருந்தாரு: "என்கிட்ட ரெண்டு கிட்டார் ஆம்ப் இருக்கு, தனித்தனியா வாசிச்சா ரெண்டும் சூப்பர், ஒரே கிட்டார் சிக்னலைப் பிரிச்சு ரெண்டுலயும் விட்டா தகர டப்பா மாதிரி கேக்குது, பிக்அப்பை மாத்திடவா?" வேண்டாங்க, கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்துற அந்தப் பிக்அப்பைத் தொடாதீங்க. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் ஸ்ட்ரிங்கை மாத்தி கேபிளை மாத்தி நாலு வாரம் அலைஞ்சேன், கடைசில பாத்தா ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு ஒயரையும் நானே இடம் மாத்தி சால்டர் பண்ணி வச்சிருக்கேன்.

அடிப்படை நமக்குத் தெரிஞ்சதுதான். ஒரு ஸ்பீக்கரோட கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) வெளிய வந்து காத்தைத் தள்ளுற அதே நேரத்துல பக்கத்து ஸ்பீக்கர் உள்ள போய் இழுத்தா ரெண்டும் ஒன்னை ஒன்னு அழிச்சுடும். சிக்னல் முழுசா தலைகீழாகிறது போலாரிட்டி, அலை கொஞ்சம் லேட்டா வர்றதால ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒவ்வொரு அளவுக்குப் பின்தங்குறது ஃபேஸ். சிக்னலைப் பிரிக்கிற பெட்டில (ஸ்ப்ளிட்டர்) இருக்கிற ஸ்விட்ச்சுல "ஃபேஸ்"னு எழுதியிருக்கும், ஆனா அது மாத்துறது போலாரிட்டியைத்தான். (பேஸ் சத்தத்தைப் பத்தியும் எழுதணும், பேஸ் ஃபேஸ்னு மாறி மாறி எழுதினா எனக்கே குழம்பும், அதனால கீழ்ச்சத்தம்னே சொல்லிக்கிறேன்.)

அப்போ சத்தம் மொத்தமா காணாமப் போகாம ஏன் மெலிஞ்சு மட்டும் போகுது? தடிச்ச ஈ ஸ்ட்ரிங் 82.4 ஹெர்ட்ஸ், காத்துல அதோட அலைநீளம் 4 மீட்டருக்கு மேல. ரெண்டு ஆம்பும் ஒரு மீட்டர் இடைவெளில இருந்தாலும் அந்த அலைக்கு அது பெரிய தூரமே இல்ல, அறைக்குள்ள எங்க நின்னாலும் கீழ்ச்சத்தம் ஓரளவு அழிஞ்சுடும். 3000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் வெறும் 11 சென்டிமீட்டர், தலையை லேசா திருப்பினாலே ஒரு இடத்துல அழியும் அடுத்த இடத்துல கூடும், அதனால மேல்ச்சத்தம் எப்படியோ தப்பிச்சு காதுக்கு வந்துடும். அந்த மிச்சம்தான் தகர டப்பா.

ஒயர் எல்லாம் சரியா இருந்தும் இது நடக்கும். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்புல சாதாரண கெயின் ஸ்டேஜ், அதாவது பெருக்குற படி, ஒவ்வொன்னும் சிக்னலைப் பெருக்கும்போதே தலைகீழாக்கிடும், ஸ்டேஜ் எண்ணிக்கைல ஒன்னு கூடிட்டாலோ குறைஞ்சாலோ கடைசில வர்ற போலாரிட்டி மாறிடும். 1960கள்ல வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், ட்வின் ரிவர்ப் மாதிரி ஆம்புகள்ல ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இருக்கிற சேனல்ல ஒரு ஸ்டேஜ் அதிகம், அதனால ஒரே பெட்டிக்குள்ளயே ரெண்டு சேனலும் எதிரும் புதிருமா இருக்கும்!

இனி வரப்போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமா போவோம். தலைகீழாக்குறதை ஆம்புக்கு முன்னாடி செஞ்சாலும் பின்னாடி ஸ்பீக்கர் ஒயர்ல செஞ்சாலும் ஒன்னுதானேன்னு தோணும். க்ளீன் சத்தத்துக்கு ஒன்னுதான், டிஸ்டார்ஷன் வந்துட்டா ஒன்னு இல்ல. டிஸ்டார்ஷன்னா ஆம்ப் சிக்னலோட வர்க்கம், கனம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து விடுதுன்னு வச்சுக்கோங்க. மைனஸ் ரெண்டை வர்க்கம் பண்ணினாலும் நாலுதான், ப்ளஸ் ரெண்டை வர்க்கம் பண்ணினாலும் நாலுதான், மைனஸ் காணாமப் போயிடுது, ஆனா கனத்துல மைனஸ் எட்டுன்னு அப்படியே நிக்குது. வாசிக்கிற அதிர்வெண்ணோட மடங்குகளைத்தான் ஹார்மோனிக்னு சொல்றோம், வர்க்கத்துல இருந்து இரட்டைப்படை மடங்கும் கனத்துல இருந்து ஒற்றைப்படை மடங்கும் வரும். ஒரே மாதிரி ரெண்டு ஆம்ப் எடுத்து ஒன்னுக்கு மட்டும் உள்ள போற சிக்னலையே தலைகீழாக்கி அனுப்புறோம்னு வைங்க, ரெண்டும் சேரும்போது அடிப்படை அதிர்வெண்ணும் ஒற்றைப்படை ஹார்மோனிக்கும் அழியும், இரட்டைப்படை மட்டும் ரெட்டிப்பாகும். அதாவது நீங்க 82 ஹெர்ட்ஸ் வாசிச்சா காதுல விழுறது 165, சரியா ஒரு ஆக்டேவ் மேல! கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் ரோஜர் மேயர் செஞ்சு கொடுத்த ஆக்டேவியா பெடலுக்குள்ள (காலால அமுக்குற எஃபெக்ட் பெட்டி) நடக்குறதும் இந்தக் கணக்குதான். இந்த ரெண்டு ஆம்பை ஸ்பீக்கர் ஒயரை மாத்தி சரி பண்ணா கதை அப்படியே திரும்புது, ஒற்றைப்படை கூடும், இரட்டைப்படை அழியும். ஆம்போட கடைசிப் படியான புஷ்-புல் அவுட்புட் ஸ்டேஜ்ல ரெண்டு வால்வு எதிரெதிரா சேர்ந்து செய்றதும் இதையேதான். வேற வேற ஆம்புகள்ல இவ்ளோ சுத்தமா கணக்கு விழாது, ஆனா எந்த இடத்துல திருப்புறோம்கிறது டோனை மாத்தத்தான் செய்யும், அதனால ரெண்டு இடத்துலயும் திருப்பிக் கேட்டுட்டு முடிவு பண்றது நல்லது.

கேபிள்ல அம்புக்குறி போட்டு சிக்னல் இந்தத் திசைலதான் நல்லா ஓடும்னு சொல்லி விக்கிறவங்க இருக்காங்க. கிட்டார் சிக்னல் செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போயிட்டு வர்ற ஏசி (மாறுதிசை மின்சாரம்), அதுக்கு என்ன திசை? அந்தக் காசுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரும் போலாரிட்டி ஸ்விட்ச்சும் இருக்கிற ஸ்ப்ளிட்டர் ஒன்னு வாங்கலாம். ரெண்டு ஆம்ப் போட்டா வர்ற கிரவுண்ட் லூப் இரைச்சலையும் (ரெண்டு எர்த் இணைப்பும் ஒரு வளையமாகி வர்ற ரீங்காரம்) அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் நிறுத்திடும், அதுக்காக யாரும் ப்ளக்குல எர்த் பின்னை மட்டும் உடைச்சுடாதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

சோதிக்கிறது ஈஸி. முதல்ல ஆம்பை ஆஃப் பண்ணி (வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாம ஓட விட்டா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடலாம்) ஸ்பீக்கர் கேபிளை ஆம்புல இருந்து உருவி, ப்ளக்கோட நுனில 9 வோல்ட் பேட்டரியோட ப்ளஸ்ஸையும் தண்டுல மைனஸையும் ஒரே ஒரு கணம் தொடுங்க. "டப்"னு சத்தம் வரும், எல்லா கோனும் சேர்ந்து வெளிய குதிக்கணும். நாலு ஸ்பீக்கர் பெட்டில ஒன்னு மட்டும் உள்ள போச்சுன்னா குற்றவாளி அதுதான். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள்ல சிவப்பு முனைல ப்ளஸ் கொடுத்தா கோன் உள்ளதான் போகும், அதை ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க. பெட்டி சரின்னா ரெண்டு ஆம்பையும் ஒட்டி வச்சு, க்ளீனா, ஒரே அளவு சத்தத்துல தடிச்ச ஈ ஸ்ட்ரிங்கை விரல் வச்சு அழுத்தாம தட்டி ஸ்விட்ச்சை மாத்தி மாத்திப் போடுங்க. எதுல வயித்துல வந்து மோதுதோ அதுதான் சரி.

ரெண்டு பக்கமும் போட்டும் ஒரே மாதிரி அரைகுறையா இருந்தா சிக்கல் போலாரிட்டில இல்ல, லேட்ல. ஒரு ஆம்புக்கு முன்னாடி டிஜிட்டல் மாடலர் (ஆம்ப் சத்தத்தைக் கணக்குப் போட்டு உருவாக்குற பெட்டி) இருந்து அது 2 மில்லி செகண்ட் எடுத்துக்கிச்சுன்னா 250, 750, 1250 ஹெர்ட்ஸ்னு சீப்புப் பல் மாதிரி வரிசையா ஓட்டை விழும். ஸ்விட்ச்சைத் திருப்பினா ஓட்டை வேற இடத்துல விழுமே தவிர அடையாது. ஒலி 1 மில்லி செகண்டுல போற தூரம் சுமார் 34.3 சென்டிமீட்டர், அதனால மாடலர் ஓடுற ஸ்பீக்கரை 69 சென்டிமீட்டர் உங்க பக்கமா இழுத்து வச்சு அதே இடத்துல நின்னு வாசிச்சுப் பாருங்க.