தாபிப்புக் காட்சியா, களங்காட்டியா?

போன மாதம் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு குறும்பட வகுப்பு. மஸ்கெலியாப் பக்கத்து மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியிலேயே எடுத்த குடும்பக் கதையைப் போட்டுக் காட்டினாள். முதல் 20 செக்கனுக்குத் திரையில் இருட்டு மட்டும். தகரத்தில் மழை. வாளியில் விழும் ஒழுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள். இந்தப் பக்கத்துக் கிழவி, "மருந்து குடிச்சியா?" என்று குரல் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் தெரிகிறது.

வகுப்பு எடுத்தவர் சொன்னார்: "நல்லா இருக்கு பிள்ளை. ஆனா தாபிப்புக் காட்சி இல்லையே."

இந்தச் சொல்லை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேனோ தெரியவில்லை. எழுதித் தீர்த்துவிடுவோம்.

எஸ்டாப்ளிஷிங் ஷொட் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கதை எங்கே, எப்போது நடக்கிறது என்று தொடக்கத்திலேயே தெரிவித்துவிடும் ஷொட். பெரும்பாலும் தூரத்திலிருந்து அகலமாக எடுப்பார்கள். ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) நல்ல உதாரணம். கமரா பீனிக்ஸ் நகரத்தை மேலிருந்து துழாவும். ஊர், நாள், பிற்பகல் 2.43 மணி எல்லாம் எழுத்தில் வரும். அப்புறம் ஒரு ஹோட்டல் ஜன்னலுக்குள் நுழையும். நிலமும் பொழுதும். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வதும் இந்த இரண்டைத்தான்.

வேர்ச்சொல்லில் அதிகம் இல்லை. லத்தீனில் 'ஸ்டாபிலிஸ்' என்றால் அசையாதது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'எஸ்டாப்ளிஷ்' ஆனது. 'தாபி' வடமொழியின் 'ஸ்தா'விலிருந்து வந்தது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. மொழிபெயர்த்தவருக்கு அது தெரிந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ஆனால் வேர் பொருந்தினால் பொருளும் பொருந்திவிடுமா? நம் ஊரில் தாபிப்பது சங்கத்தை, சபையை. 'நிறுவும் காட்சி' என்பவர்களும் உண்டு. 'நிறுவுக' என்றதும் எனக்குக் கணித வினாத்தாள்தான் ஞாபகம் வருகிறது. 'அறிமுகக் காட்சி' என்றால் கதாநாயகன் தூசி பறக்க வந்து இறங்குவான், விசில் பறக்கும். மூன்றில் அதுவே மோசம்.

அதைவிடப் பெரிய பிழை 'காட்சி'யில் இருக்கிறது. ஷொட் என்பது கமராவை நிறுத்தாமல் எடுத்த ஒரு துண்டு; பல ஷொட் சேர்ந்தால் ஒரு சீன். ஷொட்டும் காட்சி, சீனும் காட்சி என்றால் ஒரு சீனில் எத்தனை ஷொட் என்று மாணவர் எப்படிக் கேட்பார்? போகட்டும், ஷொட் ஷொட்டாகவே இருக்கட்டும். கமராவை வைத்துக்கொண்டிருக்கிறோமே. அதுவும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான நமது லயத்துக் காம்பராவும் லத்தீனில் அறையைக் குறிக்கும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஒன்று ஆங்கிலத்தோடு வந்தது, மற்றது போர்த்துக்கேயரோடு. ஆனால் காட்சி என்றதும் காது கழன்றுவிடுகிறது. ஒலி பின்னணி ஆகிவிடுகிறது. பிறகு தொடக்கம் என்றால் ட்ரோனில் எடுத்த தேயிலை மலை, மேலே ஒரு புல்லாங்குழல். அது சுற்றுலா விளம்பரம். மலை எப்படி இருக்கும் என்று சொல்லும்; அங்கே 10க்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்று சொல்லாது. அடுத்த வீட்டு இருமல் சொல்லிவிடுகிறது: சுவர் மெல்லியது, நோய் ஒளிக்க முடியாதது, பக்கத்து வீட்டாரும் வீட்டார்தான். அவ்வளவையும் அந்தப் பிள்ளை ஒரு படமும் காட்டாமல் சொல்லிவிட்டாள். பிறகு கமரா அடுப்பு மட்டத்தில், முகத்துக்கு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. விலகிப் போய் நின்று எடுக்க அந்த அறையில் இடமும் இல்லை, அதையும் நாம் உணர்கிறோம்.

என் சொல் 'களங்காட்டி'. வழிகாட்டி, நாட்காட்டி மாதிரி. களம் என்ற சொல்லைத் தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் இருக்கிறது. அந்தக் காலத்தில் விடியற்காலை இருட்டில் தப்புப் பறையின் சத்தம் கேட்டே அங்கே ஆட்கள் கூடினார்கள். 'காட்டி'யிலும் கண் மட்டுமா இருக்கிறது? குரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறோம். அகன்ற ஷொட்டும் களங்காட்டி, இருமலும் களங்காட்டி. கருவியின் பெயர் போல் இருக்கிறது என்று ஒரு நண்பர் முறைத்தார். வழிகாட்டி என்ன கருவியா?

அந்த மாணவி இப்போது ட்ரோன் வைத்திருக்கும் ஆள் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கிறாளாம், படத்தின் முன்னால் தேயிலை மலையை ஒட்டுவதற்கு. புல்லாங்குழலுக்கும் ஆள் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.