"மாத்திரை எதுவும் எடுக்கல மேடம்"

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

கால் வலி என்று என்னிடம் வந்திருந்த ஓட்டக்காரர் அவர். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தபோது, உள்ளே ஒரு மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பா தெரிந்தது. கேட்டேன். "இதுவா? இது மாத்திரை இல்லீங்களே, வெறும் மஞ்சள்தான்."

சென்னையில் ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். ஜனவரி மாரத்தான் நெருங்க நெருங்க இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன்.

லேபிளைச் சேர்ந்தே படித்தோம். ஒரு கேப்ஸ்யூலில் 500 மி.கி. மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், அதில் 95 சதவீதம் குர்குமின் (மஞ்சளில் இருக்கும் முக்கியமான வேதிப்பொருள்), கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின். தினமும் இரண்டு போடுகிறார். அடுப்படி மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். இவர் விழுங்குகிற அளவைத் தூளாகச் சாப்பிட வேண்டுமானால் 30 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். சாம்பாருக்கு நாம் போடுவது கால் டீஸ்பூன், அதுவும் நாலு பேருக்கு. பைப்பரின் சங்கதி இன்னும் பெரிது. 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. பாட்டி காலத்து மஞ்சளும் இதுவும் ஒன்றல்ல.

சரி, ஓடிய பிறகு வரும் தசைவலிக்குக் கேட்குமா? ஓரளவு கேட்கலாம். மேம்பாலத்தில் இறங்கி ஓடும்போது தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. சிதைந்ததை அள்ளிப்போட வெள்ளணுக்கள் வருகின்றன. அந்த வேலைதான் நமக்கு வீக்கமாகவும் வலியாகவும் தெரிகிறது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். குர்குமின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் வலி கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. தசைவலிக்கென்று சிலர் குடிக்கும் புளிப்புச் செர்ரி சாறும் அப்படித்தான். லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், சாறு குடித்தவர்களுக்குத் தசை வலிமை சீக்கிரம் திரும்பியது. வலியில் வித்தியாசம் இல்லை.

எனக்குப் பயம் கல்லீரலைப் பற்றி. மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்படுவது அரிது. ஆனாலும் 2023-இல் ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாக எச்சரித்தது. ஓடுபவர்களிடம் இதில் ஒரு குழப்பம் உண்டு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தசையிலிருந்தே எஸ்.ஜி.ஓ.டி. கசிந்து ரத்தத்தில் ஏறும், எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம் ஏறும். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனையில் அளக்கும் என்சைம்கள் இவை. ஞாயிறு 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு செவ்வாய்க்கிழமை மாஸ்டர் செக்கப்புக்குப் போனால் ரிப்போர்ட் பயமுறுத்தத்தான் செய்யும். அது தசையா, கேப்ஸ்யூலா? டப்பாவைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

இவர் விஷயத்துக்கு வருகிறேன். தசைவலி என்றால் இரண்டு காலிலும் பரவலாக இருக்கும், நடக்க நடக்க இளகும். இவருக்கு ஒரே காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வலி. ஓட ஓடக் கூடியது. ராத்திரியும் விட்டுவைக்கவில்லை. மூன்று வாரமாக ஓட்டத்தைக் குறைக்காமல், ஒரு கேப்ஸ்யூலை இரண்டாக்கியிருக்கிறார். கேப்ஸ்யூல் வலியை மறைத்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது. அதன்மேல் வைத்த நம்பிக்கைதான் அவரை நிற்கவிடவில்லை. எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு விரிசலுக்கு முந்தைய நிலை.

அந்த ஜனவரியில் அவர் ஓடவில்லை. ஆறு வாரம் நீச்சலும் சைக்கிளும்தான். "மஞ்சள் பாலாவது குடிக்கலாமா மேடம்?" என்று கேட்டார். தாராளமாகக் குடியுங்கள் என்றேன்.