பசையம்: ‘குளூட்டன்’ என்னும் சொல்லும் காப்பியின் மேல்தூவல்களும்

காப்பிக் கடைப் பட்டியலில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று காண்போர், ஒலி ஒற்றுமையால் அதைக் குளுக்கோஸோடு சேர்த்து எண்ணிச் சர்க்கரை இல்லாதது என மயங்க இடமுண்டு. இரண்டுக்கும் உறவில்லை. இலத்தீனில் ‘குளூட்டன்’ என்றால் பசை. பிசைந்த கோதுமை மாவை நீரில் கழுவக் கழுவ மாச்சத்து வெளியேறி, இழுத்தால் நீளும் பசை போன்ற புரதம் கையில் எஞ்சும். இத்தாலியின் போலோஞாவைச் சேர்ந்த பெக்காரி இதைப் பிரித்தெடுத்து விளக்கிய கட்டுரை 1745-இல் அச்சேறியது.

தமிழில் இதற்குப் பசையம் என்பதே பொருத்தமான சொல். ‘மாப்பசை’ என்றால் சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையே நினைவுக்கு வரும். ‘பசை’ பழஞ்சொல், ‘பசையினள் பைய நகும்’ (1098) என்னும் குறளில் அது நெஞ்சின் நெகிழ்வைக் குறிக்கிறது. இலையின் பச்சை நிறமியான பச்சையத்தோடு குழம்பாமலிருக்க, எழுதும்போது ஒற்றில் கவனம் தேவை.

சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒட்டுவதெல்லாம் பசையம் என்று கொள்ளலாகாது. பானங்களில் இடும் மரவள்ளி மாவு முத்துகள் பிசுபிசுத்தாலும் அவற்றில் இயல்பாகப் பசையம் இல்லை. மொறுமொறுக்கும் பிஸ்கட் தூளிலும் வேஃபர் குச்சியிலும் கோதுமை வழியாக அது உண்டு. கலப்பில்லாத கோக்கோத் தூள், இலவங்கப்பட்டைத் தூள், அடித்த பாலேடு ஆகியவற்றிலும் இயல்பாக அது கிடையாது. மிகுதியும் ஏமாற்றுவது மால்ட் தூள்தான். அது பெரும்பாலும் முளைகட்டிய பார்லியிலிருந்து வருவது, பார்லியிலும் பசையம் உண்டு. பார்லியைத் தமிழில் வாற்கோதுமை என்றே சொல்வதால் நம் சொல்லே எச்சரிக்கை செய்கிறது, ‘மால்ட்’ என்னும் சொல்லோ அதை மறைத்துவிடுகிறது. ஆகவே ‘கோதுமை இல்லாதது’ என்பதைப் ‘பசையம் இல்லாதது’ என்று மொழிபெயர்ப்பது பிழை. சீலியாக் நோயுள்ளவர்களுக்கு அது வெறும் சொற்பிழையன்று, பசையம் அவர்களின் சிறுகுடல் உட்சுவரையே சிதைப்பதால் உடலுக்குக் கேடு தரும் பிழை.

உணவுச் சட்டத்தில் ‘பசையம் இல்லாதது’ என்பதற்கு அளவுண்டு: இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிஸ்கட் தூளில் தோய்ந்த கரண்டியே கோக்கோப் புட்டிக்குள்ளும் போகும் கடையில் அந்த அளவுக்கு யாரும் உறுதி தர இயலாது. எனவே ‘இதில் கோதுமை உண்டா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘வாற்கோதுமையோ மால்ட்டோ சேர்ந்திருக்கிறதா, கரண்டியும் கலக்கும் சாடியும் தனியா?’ என்றும் கேட்டு, புட்டியின் மேலுள்ள சேர்பொருள் பட்டியலை வாங்கிப் படிக்க வேண்டும்.