குதிகால் முள்ளைச் செங்கல் கரைக்காது

போன வாரம் ஓர் அம்மா வந்தார். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. பல வருடமாகச் சர்க்கரை. குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. குதிகால் வலிக்கு, சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதித்திருக்கிறார். "நல்லா சூடு ஏறினாத்தான் எலும்பு கரையும்னு சொன்னாங்க சார்." சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருப்பது அவருக்கே தெரியாது. பிசியோதெரபிக்கு வந்தவரைப் புண்ணுக்குக் கட்டுப்போட அனுப்பினேன். இப்படி வருவது இவர் முதல் ஆளும் இல்லை.

எந்த எலும்பு? அது ஏன் கரைய வேண்டும்?

குதிகால் வலி என்று எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் அடியில் சின்னதாக ஒரு முனை தெரியலாம். ரிப்போர்ட்டில் 'கால்கேனியல் ஸ்பர்', அதாவது குதிகால் முள், என்று இருக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் அது 'எலும்பு வளர்ந்து குத்துது' என்றாகிவிடும். அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். முனை தரையை நோக்கி இறங்கியிருக்காது, விரல்கள் பக்கம் நீண்டிருக்கும். நிற்கும்போது அது எப்படிக் குத்தும்? வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இந்த முள் இருக்கிறது. வலியால் துடிக்கிற பலருக்கு இல்லை. வலி முழுசாகப் போன பிறகு எடுத்தாலும் முள் அங்கேயேதான் இருக்கும். எண்ணெய், ஒத்தடம், மாத்திரை எதுவும் அதைக் கரைக்காது. கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. (முதல் நாளே எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுக்கிற எங்கள் ஆட்களுக்கும் இதில் பங்குண்டு.)

பெரும்பாலும் வலிப்பது பாதத்தடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, ப்ளான்டார் ஃபேஷியா. காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், கொஞ்சம் நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கும் என்றால் அநேகமாக இதுதான். நாள் முழுக்க நிற்பது, எடை, இறுகிய கெண்டைக்கால், டைல்ஸ் தரையில் வெறுங்கால், தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு, ஒரே நாளில் தொடங்கும் ஆவேச வாக்கிங் எல்லாம் காரணம். யூரிக் ஆசிட் பார்க்கணுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வலிக்குப் பொதுவாகத் தேவையில்லை.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் ஒரு நார் விறைப்பது கைக்குத் தட்டுப்படும். பத்து எண்ணி விடுங்கள், பத்து முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை நீட்டுங்கள், முப்பது விநாடி. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு போதும். வலி அதிகமான அன்று ஐஸ் பாட்டிலைத் துணி சுற்றிப் பாதத்தடியில் உருட்டலாம். பாதத்தில் மரப்பு உள்ளவர்கள் ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

இரண்டு நாள் செய்துவிட்டு 'கேக்கலை' என்று வராதீர்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். ஊசி போடச் சொல்லி டாக்டரிடம் அடம்பிடிக்கவும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகால் கொழுப்பு மெத்தை கரையும், நார் அறுந்துபோகவும் கூடும்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. நாற்காலி போட்டால் மட்டும் போதாதுங்க, உட்காரவும் விடுங்கள்.

ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், காய்ச்சல், மரப்பு, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, இதெல்லாம் வேறு கணக்கு. உடனே டாக்டரைப் பாருங்கள். இளவயதில் குதிகால் வலியோடு காலையில் இடுப்பும் வெகுநேரம் இறுகியிருந்தால் வாத நோய் நிபுணரிடம் போங்கள். என்னிடம் வருவதானால் தினமும் போடுகிற செருப்போடு வாருங்கள். எனக்காகப் புதுசு வாங்க வேண்டாம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்கணும்.