பெர்லோடு மல்லுக்கட்டிய போலி மொழி

நிரல்மொழிகளில் பைதான் எளிது, ஜாவா வளவளப்பு, பெர்ல் யாருக்கும் புரியாது என்று நிரல் எழுதுகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சொந்த அனுபவம்தான் பதிலாக வரும். ஆட்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்க்க முடியாதா? முடியும். ஆனால் சோதனையை ஒழுங்காக அமைப்பதற்குள் விழி பிதுங்கிவிடும்.

முதல் சிக்கல், எதனோடு ஒப்பிடுவது என்பது. அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கின் குழு 2011-இல் இதற்கு ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தது. மருந்துச் சோதனையில் ஒரு பிரிவினருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா? அப்படி ஒரு சர்க்கரை மாத்திரை மொழியையே செய்தார்கள். பெயர் ராண்டமோ. அதன் குறியீடுகள் பலவும் கணினி எழுத்துகளையும் குறிகளையும் வரிசைப்படுத்தும் ஆஸ்கி அட்டவணையிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கியவை. நிரலே எழுதிப் பழகாதவர்களில் ஒரு பிரிவுக்கு ராண்டமோ, இன்னொன்றுக்கு பெர்ல், மூன்றாவதற்கு ஸ்டெஃபிக் தரப்பே வடிவமைத்த குவோரம். மாதிரி நிரல்களைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். குவோரம்காரர்கள் நன்றாகவே எழுதினார்கள். பெர்ல்காரர்களோ, ராண்டமோகாரர்களைவிடத் தேவலை என்று புள்ளியியல்படி சொல்ல முடியவில்லை!

சிரிப்பதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பங்கேற்றவர்கள் குறைவு, சிறிய குழுவில் வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். ஜெயித்த மொழி சோதித்தவர்களின் சொந்த மொழி என்பதும் உறுத்துகிறது. 2013-இல் ஜாவா, ரூபி, பைதான் மூன்றையும் சேர்த்து விரிவாகச் செய்தபோது, ஜாவாவும் பெர்லோடு போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ராண்டமோவைத் தாண்டின. அப்போது இன்னொன்றும் தெரிந்தது: ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க நாம் காலங்காலமாக எழுதும் ‘ஃபார்’, புதியவர்களுக்குச் சுத்தமாக எட்டவில்லை. ‘ரிப்பீட்’ என்றால் சட்டென்று பிடிபட்டது.

சரி, முழு மொழியை விட்டுவிட்டு அதன் ஒரே ஒரு அம்சத்தைச் சோதிக்க வேண்டுமென்றால்? மாறிகளின் (நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்கள்) வகையை, அதாவது உள்ளே இருப்பது எண்ணா எழுத்தா என்பதை, நிரலை ஓட்டுமுன்பே சரிபார்ப்பது நல்லதா என்று அறிய, ஜாவாவையும் பைதானையும் மோதவிட்டுப் பயனில்லை. அவை இரண்டும் நூறு விஷயத்தில் வேறுபடுகின்றன. எது காரணம் என்று எப்படிச் சொல்வது? ஜெர்மனியின் ஸ்டெஃபான் ஹானன்பெர்க் இதற்காகவே பியூரிட்டி என்றொரு மொழியை உருவாக்கினார். அதில் இரண்டு பதிப்புகள், வகைச் சரிபார்ப்பைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. 2010-இல் வெளியான அந்தச் சோதனையில் 49 பேர் கலந்துகொண்டார்கள். சரிபார்ப்பால் நேரம் மிச்சமானதாகத் தெரியவில்லை. ஆனால் பிற்பாடு நடந்த சோதனைகளில், விளக்கக் குறிப்பே இல்லாத பிறர் நிரலைப் பயன்படுத்தும்போது அது கைகொடுத்தது. ஆக, என்ன வேலையைக் கொடுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றிவிடுகிறது.

இதற்கு நடுவே ஆளுக்கு ஆள் இருக்கும் வேகம் வேறு மொழியின் விளைவை மூடி மறைத்துவிடும். அதனால் ஒரே ஆளிடம் இரண்டு மொழியையும் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அப்போது முதலில் செய்தபோது கற்றுக்கொண்டது இரண்டாவதற்கு உதவும். அதைச் சமன்செய்ய, பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில்தான் கோடிக்கணக்கான வரிகள் கிடக்கின்றனவே என்று ஒரு குழு 2014-இல் 729 திட்டங்களை, 17 மொழிகளை அள்ளி ஆராய்ந்தது. மொழிக்கும் பிழைகளுக்கும் தொடர்புண்டு என்றது. 2019-இல் வேறொரு குழு அதே தரவைத் தோண்டியபோது, டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய திட்டங்களின் பட்டியலில் பிட்காயின் மென்பொருள் இருந்தது. பிட்காயினோ சி++ மொழியில் எழுதப்பட்டது. கோப்பின் பெயர் ‘.டிஎஸ்’ என்று முடிந்தால் டைப்ஸ்கிரிப்ட் என எண்ணிவிட்டார்கள். அவை மென்பொருளின் திரைச் சொற்களை மனிதர்கள் பேசும் பல மொழிகளில் பெயர்த்து வைத்திருந்த கோப்புகள். டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்ததே 2012 அக்டோபரில், தரவிலோ அதற்கு வெகு முன்பே அது புழங்கியதாக இருந்தது. இதுபோன்றவற்றைக் களைந்து மறுபடி கணக்கிட்டதில், முன்பு தொடர்பு காட்டிய 11 மொழிகளில் நான்குதான் மிஞ்சின, அதுவும் மிகச் சொற்பமாக.