லண்டனில் வீடு வாங்க முதல்: ஊர் வீடும் சீட்டுக் காசும்

வீடு வாங்க லோயரான என்னிடம் வரும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிழமையில் திறப்பு கையில வரும்?" என்பதைத்தான். அடுத்தது, "பீஸ் எவ்வளவு?" இரண்டுக்கும் சரியான மறுமொழி சொல்ல எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஊரில் உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா? முற்பணக் காசு யாருடையது? வீடு யார் யார் பெயரில், அதில் யார் யார் இருக்கப் போகிறீர்கள்? "இதெல்லாம் லோயருக்கு எதுக்கு?" என்று சிலருக்கு முகம் சுருங்கும். அலுவல் மாதக்கணக்கில் இழுபடுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். நான் எழுதுவது இங்கிலாந்து நிலைமை. வேல்ஸில் வரி வேறு, ஸ்கொட்லாந்தில் வரியோடு முறையும் வேறு.

முதலில் ஊர் வீடு. முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரை வரியில் சலுகை உண்டு. விலையில் 300,000 பவுண் வரை வரி இல்லை, அதற்கு மேல் 500,000 வரை 5 வீதம். விலை 500,000ஐத் தாண்டினால் சலுகையே இல்லை. இங்கே "முதல் வீடு" என்பதை லண்டனில் முதல் வீடு என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். சட்டம் கேட்பது, உலகில் எங்காவது, எப்போதாவது உங்களுக்கு ஒரு வீடு சொந்தமாக இருந்ததா என்று. காசு கொடுத்து வாங்கியது மட்டுமல்ல, முதுசமாக வந்ததும் நன்கொடையாக எழுதப்பட்டதும் கணக்கு. ஆகவே சீதனமாக உங்கள் பெயருக்கு உறுதி (பத்திரம்) எழுதிய யாழ்ப்பாணத்து வீடு ஒன்று இருந்தால் சலுகை போய்விடும். அதை விற்று வருடக்கணக்கானாலும் அதே கதைதான். வீடில்லாத வெறுங்காணி இதில் சேராது.

இதைவிடப் பெரிய அடி மேலதிக வரி. வாங்கி முடிக்கும் நாளில் வேறு எங்காவது 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியான வீடு, அல்லது அந்தப் பெறுமதியுள்ள பங்கு, உங்களுக்கு இருந்தால் முழு விலையிலும் இன்னும் 5 வீதம் கட்ட வேண்டும். குடியிருந்த வீட்டை விற்று இன்னொன்று வாங்குபவருக்கு விலக்கு உண்டு. 450,000 பவுண் வீடு ஒன்றை எடுங்கள். முதல் வீடு என்றால் வரி 7,500. சலுகை இல்லாவிட்டால் 12,500. ஊரில் வீடு இருந்தால் 35,000. ஊரில் காணி விலை ஏறிக் கிடக்கும் இந்தக் காலத்தில் 40,000 பவுண் பெரிய தொகையில்லை. "அப்ப மனுசியை விட்டிட்டு என்ர பெயரில மட்டும் வாங்கினால்?" என்று கேட்பார்கள். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த வரி ஓராளாகவே பார்க்கும், மனைவியின் சீதன வீடு உங்கள் கணக்கிலும் வரும். கடந்த 3 வருடத்துக்குள் முதுசமாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்குக்கு விலக்கு இருக்கிறது. தாய் தகப்பன் அண்மையில் தவறியிருந்தால் அந்தத் திகதிகளையும் சொல்லுங்கள்.

"இது இங்க ஆருக்குத் தெரியப்போகுது?" என்ற கேள்விக்கும் மறுமொழி உண்டு. வரிப் படிவத்தில் உள்ளது உண்மை என்று உறுதி சொல்வது நீங்கள். வேண்டுமென்றே மறைத்ததாக வரித் திணைக்களம் கண்டால் 20 வருடம் வரை பின்னால் போய் வசூலிக்கலாம், தண்டமும் வட்டியும் சேர்த்து. உண்மையை என்னிடம் சொல்லிவிட்டுப் படிவத்தில் வேறு போடச் சொன்னால் நான் ஃபைலை மூட வேண்டிவரும்.

அடுத்தது காசு. 2017ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி முற்பணம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டே ஆக வேண்டும். சம்பளத்தில் மிச்சம்பிடித்த காசுக்குச் சிக்கல் இல்லை. எங்கள் ஆட்களின் காசு அப்படி ஒரே இடத்தில் இருப்பது குறைவு. சீட்டு எடுத்த காசு ஒரே கிழமையில் பத்துப் பேரின் கணக்கிலிருந்து வந்து விழும். மச்சான் கைமாற்றாக ஐயாயிரம் தருவார். ஊரில் காணி விற்ற காசு உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம், வந்து தாளாகக் கையில் நிற்கும். முதல் இரண்டையும் கணக்குக் கொப்பி, வங்கிக் கூற்று, வட்ஸ்அப் செய்தி என்று ஏதாவது வைத்து விளங்கப்படுத்தலாம். உண்டியல் காசு கஷ்டம். விற்ற உறுதி கையில் இருந்தாலும் அந்தக் காசுதான் இந்தக் காசு என்று காட்டத் தடயம் இல்லை. வங்கி மூலம் அனுப்பச் சொல்லுங்கள். மாற்று விலையில் கொஞ்சம் நட்டம் வந்தாலும் பரவாயில்லை.

நான் அடிக்கடி மல்லுக்கட்டுவது "கிஃப்ட் லெட்டர்" விஷயத்தில். அண்ணன் 30,000 கடன் கொடுப்பார். கடன் என்றால் வங்கி மோட்கேஜைக் குறைக்கும் என்று பயந்து, புரோக்கர் நன்கொடைக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார். அதில் "இந்தக் காசு திருப்பித் தரத் தேவையில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை" என்று இருக்கும். கடனை நன்கொடை என்று வங்கிக்குச் சொல்வது மோசடி, கையெழுத்து வைத்த அண்ணனுக்கும் வீடு வாங்கும் உங்களுக்கும் அது குற்றம். குற்றம் ஒருபுறம் இருக்க, நாளைக்குச் சகோதரங்கள் கோபப்பட்டு அண்ணன் காசைத் திருப்பிக் கேட்டால் அவருக்கு எதிராக நிற்கும் முதல் சாட்சி அவருடைய கையெழுத்துத்தான். கடன் என்றால் கடன் என்று வங்கிக்குச் சொல்லுங்கள். வங்கி தரும் மோட்கேஜ் தொகை குறையலாம், வங்கி மறுக்கவும் கூடும். அப்படியானால் அந்த வீடு இப்போதைக்கு உங்கள் கைக்கு எட்டாதது, கொஞ்சம் சின்னதாகப் பாருங்கள்.

மூன்றாவது, யார் பெயரில் என்பது. இரண்டு பேர் சேர்ந்து வாங்கும்போது இருவழி உண்டு. ஒன்றில், ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் தானாக மற்றவருக்குப் போகும், உயில் என்ன சொன்னாலும். மற்றதில், ஆளுக்கு இத்தனை பங்கு என்று பிரிந்து நிற்கும், அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. கணவன் மனைவிக்கு முதலாவது பெரும்பாலும் பொருந்தும். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கும்போது யோசிக்காமல் முதலாவதில் டிக் போட்டால், தம்பி திடீரென்று இறந்தால் அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. கூடக் காசு போட்டவருக்குக் கூடப் பங்கு என்றால் அதைத் தனிப் பத்திரமாக எழுதி வையுங்கள். எங்கள் குடும்பங்களில் "எங்களுக்குள்ள என்ன எழுத்து?" என்பார்கள். பிறகு வழக்குக்கு வருகிறவர்களும் அதே குடும்பத்தார்தான். உங்களோடு இருக்க வரும் அம்மா அப்பாவிடம், வீட்டில் வங்கியின் உரிமையே முதல் என்று வங்கி ஒரு சம்மதக் கடிதம் கேட்கலாம். அவர்களும் காசு போட்டிருந்தால் அதில் கையெழுத்து வைக்க முதல் வேறொரு லோயரைப் பார்க்கட்டும்.

கட்டடத்தை லோயர் பார்ப்பதில்லை, நான் பார்ப்பது கடதாசி. வங்கியின் மதிப்பீடு வங்கிக்காகச் செய்வது, உங்களுக்கு வேறாகச் சர்வே தேவை. மேல்மாடம் அறையாக்கப்பட்ட வீடென்றால் கவுன்சிலின் கட்டட விதிச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லாவிட்டால் காப்புறுதி ஒன்று எடுத்துச் சமாளிப்பார்கள். அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான், மாடம் இறங்கினால் உதவாது. இன்னொன்று, லோயரைக் கேட்காமல் நீங்களே கவுன்சிலுக்குப் போன் எடுத்து விசாரிக்காதீர்கள். எடுத்தால் அந்தக் காப்புறுதியும் கிடைக்காமல் போகலாம்.

ஏஜென்ட் பலகையில் "விற்றாச்சு" என்று போட்டிருந்தாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இரு பக்க லோயர்களும் பரிமாறும் வரை இரு பக்கமும் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். பரிமாறிய பிறகு நீங்கள் விலகினால் 10 வீத முற்பணம் போகும். வீட்டுக் காப்புறுதியையும் வழமையாக அன்றிலிருந்தே எடுத்துவிட வேண்டும், திறப்பு வரும் நாள்வரை பொறுக்கக் கூடாது. காசு அனுப்பும் நேரத்தில் "எங்கள் கணக்கு இலக்கம் மாறிவிட்டது" என்று என் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அனுப்பாதீர்கள், முதல் நாள் தந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, "உறுதி எப்ப தருவியள்?" என்று கேட்பார்கள். இங்கே உரிமை காணிப் பதிவகத்தின் கணினியில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது பதிவின் பிரதி. ஊரில்போல அலுமாரியில் பூட்டிவைக்க ஒன்றும் இல்லை. பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையில் உங்கள் வீட்டைச் சேர்த்துவிடுங்கள், யாராவது அந்தப் பதிவில் கை வைத்தால் மின்னஞ்சல் வரும். வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடம் போனால் புது முகவரியையும் அறிவியுங்கள். பதிவகம் எழுதும் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும்.